ஸ்மார்ட்வாட்ச் திரை உடைந்ததா? செலவைக் கேட்கும் முன் அறிகுறியைப் பாருங்கள்

"வாட்ச் கண்ணாடி உடைஞ்சிருச்சு, மாத்த எவ்வளவு ஆகும்?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். படம் தெரிகிறதா? தொட்டால் நகர்கிறதா? பாதிப் பேருக்கு இது எரிச்சலாக இருக்கும். விலை கேட்டால் விசாரணை நடத்துகிறானே என்று. ஆனால் அந்த இரண்டு பதிலும் தெரியாமல் விலை சொல்கிறவர், ஒன்று உத்தேசமாகச் சொல்கிறார், இல்லையென்றால் இருப்பதிலேயே பெரிய தொகையைச் சொல்லி வைக்கிறார்.

நாம் "கண்ணாடி" என்று சொல்வது உண்மையில் மூன்று அடுக்கு. மேலே விரல் படுகிற கண்ணாடி. அதற்குக் கீழே தொடுதலை உணர்கிற டச் அடுக்கு. அதற்கும் கீழே படம் காட்டுகிற ஓலெட் அல்லது எல்சிடி பேனல். நடுவில் காற்றுப் புகாதபடி ஒளி ஊடுருவும் பசை போட்டு மூன்றையும் ஒரே தகடாக ஒட்டியிருப்பார்கள். இந்த ஒட்டிய தகட்டைத்தான் ரிப்பேர் மேசையில் காம்போ என்போம். விரிசல் எந்த அடுக்கோடு நின்றது என்பதை வைத்துத்தான் செலவு. மேலே பார்க்கச் சிலந்திவலை போல நொறுங்கியிருக்கும், ஆனால் சேதம் கண்ணாடியோடு நின்றிருக்கும். ஓரத்தில் அரிசி நீளத்துக்கு ஒரே ஒரு கோடு இருக்கும், உள்ளே பேனல் செத்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற சேதத்துக்கும் பில்லுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

அதனால் உங்கள் வாட்சில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதியைப் பாருங்கள். அதற்கு முன் மூன்று சின்ன வேலை. கண்ணாடித் துகள் உதிர்ந்தால் மேலே அகலமான செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். தண்ணீர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், விரிசல் விட்ட அன்றே நீர்காப்பு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மாடல் எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வாட்சுக்கு, அளவு வேறு, சிம் வசதி உண்டா இல்லையா என்பது வேறு என்பதால், திரை மாறலாம். "ஆப்பிள் வாட்ச், கறுப்பு கலர்" என்று சொன்னால் யாராலும் சரியான விலை சொல்ல முடியாது.

விரிசல் தெரிகிறது, மற்றபடி எல்லாம் ஓடுகிறது

முதல் சந்தேகம் கண்ணாடி மேல் வேண்டாம், அதன் மேல் ஒட்டிய ஸ்க்ரீன் கார்டு மேல் வையுங்கள். சிரிக்காதீர்கள். என் சித்தி மகன் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சுற்றிவிட்டு என்னிடம் கொண்டுவந்தான். கட்டைவிரல் நகத்தை வாட்சின் விளிம்பில் வைத்து மெதுவாக உள்நோக்கி நகர்த்தினேன். விளிம்பிலிருந்து ஒரு மயிரிழை தள்ளி நகம் ஒரு படியில் தட்டி நின்றது. அந்தப் படிதான் கார்டின் ஓரம். நகத்தை அடியில் கொடுத்து நெம்பியதும் விரிசல் மொத்தமும் கார்டோடு கையில் வந்தது. கீழே கண்ணாடி புதுசு போலப் பளபளவென்று இருந்தது. வாங்கிய அன்றே கடைக்காரர் ஒட்டிக் கொடுத்ததை அவன் மறந்தே போயிருந்தான்.

கார்டு இல்லை, அல்லது உரித்த பிறகும் விரிசல் இருக்கிறது என்றால் மூன்று சோதனை செய்யுங்கள். இருட்டறையில் வாட்சின் டார்ச்சைப் போடுங்கள். திரை முழுக்க வெள்ளையாகும். கறுப்புப் புள்ளி, கோடு, மங்கிய திட்டு ஏதாவது இருந்தால் இதில் தப்பாது. அடுத்து முழுக் கறுப்பு முகப்பு வைத்துப் பாருங்கள். பச்சை, ஊதா நிறத்தில் கசிவு இருந்தால் இதில் தெரியும். மூன்றாவது, விரலை எடுக்காமல் திரையின் நான்கு ஓரமும், பிறகு மூலைக்கு மூலையும் இழுத்துப் பாருங்கள். எழுத்து வரைகிற விசைப்பலகை உள்ள வாட்ச் என்றால் வேலை சுலபம். விரலால் ஒரு நீளக் கோடு போடுங்கள். கோடு எங்காவது அறுந்தால் அந்த இடத்தில் டச் போயிருக்கிறது.

மூன்றிலும் தேறினால் உங்களுக்கு நல்ல காலம். போனது மேல் கண்ணாடி மட்டும். இப்போது வழி இரண்டு.

ஒன்று, அப்படியே விட்டுவிடுவது. மேலே ஒரு கார்டு ஒட்டி, தண்ணீர் படாமல் ஓட்டலாம். மூன்று நான்கு வருடம் ஆன வாட்ச் என்றால் நானே பல பேருக்கு இதைத்தான் சொல்கிறேன். ஆனால் ஓலெட் பேனலுக்கு ஈரமும் காற்றும் எமன் என்பதை மனதில் வையுங்கள். விரிசல் வழியாக வியர்வை இறங்கினால் இன்று தேறிய சோதனையில் அடுத்த மாதம் தேறாது.

இரண்டாவது, கண்ணாடி மட்டும் மாற்றுவது. இங்கேதான் விலை குழப்பம் ஆரம்பிக்கும். கண்ணாடித் துண்டு விலை குறைவானதுதான். கூலிதான் அதிகம். உடைந்த கண்ணாடியைச் சூடான தட்டில் வைத்து, மெல்லிய கம்பியால் பசையை அறுத்து, நூலளவு தடிமன் உள்ள ஓலெட் மடங்காமல் பிரிக்க வேண்டும். பழைய பசையை ஒட்டு மொத்தமாகத் துடைக்க வேண்டும். பிறகு தூசி இல்லாத இடத்தில் புதுப் பசை வைத்து, வெற்றிட மெஷினில் ஒட்டி, குமிழி போக அழுத்த வேண்டும். போனில் பழகிய கை கூட வாட்சில் தடுமாறும், ஏனென்றால் வளைந்த ஓரமும் சின்னப் பரப்பும் கம்பிக்கு இடமே கொடுக்காது. அதனால் விலையைக் கேட்கும்போதே, "பிரிக்கும்போது டிஸ்ப்ளே போச்சுன்னா அது யார் கணக்கு?" என்று கேட்டுவிடுங்கள். "உங்க ரிஸ்க்தான்" என்று பதில் வந்தால், குறைந்த விலையில் ஆரம்பித்து முழுத் திரைச் செலவில் முடிய வாய்ப்பு இருக்கிறது என்று அர்த்தம். அது ஏமாற்று வேலை இல்லை. வேலையே அப்படி. ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு கூடுதல் விஷயம். கீழே போடவே இல்லை, ஓரத்தின் வளைவோடு மட்டும் மெல்லிய விரிசல் ஓடுகிறது என்றால் பணம் கொடுக்கும் முன் நிறுவனத்தின் அறிவிப்புகளைத் தேடிப் பாருங்கள். அலுமினிய உடல் கொண்ட ஆப்பிள் வாட்ச் 2, 3 வரிசைகளில் இப்படி வளைவோரம் விரிசல் விடுவதை ஆப்பிளே 2019இல் ஒப்புக்கொண்டு இலவசமாகத் திரை மாற்றித் தரும் திட்டம் அறிவித்தது. அந்தத் திட்டத்தின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் இப்படிப்பட்ட அறிவிப்புகள் உண்டு என்று தெரியாமல் கைக்காசு போட்டு மாற்றியவர்கள் நிறைய.

படம் நன்றாக இருக்கிறது, தொட்டால் அசையவில்லை

உடனே டச் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். நீச்சலுக்கான தண்ணீர்ப் பூட்டு ஆன் ஆகியிருந்தாலும் திரை இப்படித்தான் கல்லாக இருக்கும். துளிச் சின்னம் தெரிகிறதா பாருங்கள். ஆப்பிள் வாட்சில் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் திருகியை (டிஜிட்டல் கிரவுன்) அழுத்திப் பிடித்தால், பழைய மென்பொருளில் சுற்றினால், பூட்டு விலகும். அடுத்தது, கட்டாய மறுதொடக்கம். திருகியையும் பக்கப் பொத்தானையும் சேர்த்து, லோகோ வரும்வரை, குறைந்தது பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். இரண்டு பொத்தான் உள்ள மற்ற வாட்சுகளிலும் பெரும்பாலும் இதே மாதிரிதான்.

பிறகு, ஸ்க்ரீன் கார்டு ஒட்டியிருந்தால் அதை உரித்துவிட்டு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கார்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் காற்று நின்றால் தொடுதல் உள்ளே போய்ச் சேராது.

இதெல்லாம் பார்த்தும் அசையவில்லை, அல்லது திரையில் ஒரு பட்டை மட்டும் செத்திருக்கிறது என்றால் டச் அடுக்கு போய்விட்டது. "அப்போ டச் மட்டும் மாத்திடலாமே" என்று கேட்பீர்கள். பழைய போன்களில் அப்படி மாற்றியிருக்கிறோம். இன்றைய ஓலெட் வாட்சுகளில் பெரும்பாலும் டச் பேனலோடு சேர்ந்தே வருகிறது. ஆக, படம் அருமையாகத் தெரிந்தாலும் காம்போ மொத்தமும் மாற்ற வேண்டும். செலவில் இது மேல் படி. இதைச் சொல்லும்போது பல பேர் முகம் சுருங்கும். "படம்தான் தெரியுதே?" என்பார்கள். தெரிகிறது, ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுதான் பிரச்சினை.

கடையில் கொடுக்கும் முன் வாட்சை உங்கள் கணக்கிலிருந்து விடுவிக்க வேண்டும். திரை அசையாவிட்டாலும் போனில் உள்ள ஆப் வழியாக இணைப்பைத் துண்டிக்கலாம். ஆப்பிள் வாட்ச் என்றால் துண்டிக்கும்போதே காப்புப் பிரதி எடுத்துக்கொண்டு, திருட்டுத் தடுப்புப் பூட்டையும் நீக்கிவிடும். இதைச் செய்யாமல் கொடுத்தால் மாற்று வாட்ச் தரும் நிறுவன மையங்கள் வேலையையே ஆரம்பிக்காது.

திரை தானாகவே தொட்டுக்கொள்கிறது

இது கொஞ்சம் பேய்த்தனமான அறிகுறி. ஆப் தானே திறக்கும், ஒலி தானே ஏறும், நள்ளிரவில் யாருக்கோ அழைப்பு போகும். விரிசல் விட்ட டச் அடுக்கில் அறுந்த தடங்கள் ஒன்றோடொன்று உரசுவதோ, உள்ளே இறங்கிய ஈரமோதான் காரணம்.

இதில் செலவை விட அவசரம்தான் முக்கியம். வாட்ச் கடவுச்சொல் திரையில் நிற்கும்போது பேய் விரல் எண்களைத் தட்டிக்கொண்டே இருக்கும். தப்பு எண் பல தடவை விழுந்தால் வாட்ச் தன்னைப் பூட்டிக்கொள்ளும். பத்து தவறான முயற்சிக்குப் பின் தரவை அழி என்ற அமைப்பை ஆன் செய்திருந்தால் மொத்தமும் போய்விடும். அவசர உதவி எண்ணுக்கு அழைப்பு போனால் வேறு தொல்லை. என்னிடம் வந்த ஒருவர், மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிய வாட்ச் இரவு முழுக்கத் தன் அம்மாவுக்குப் போன் போட்டதாகச் சொன்னார். அம்மாவும் ஒவ்வொரு தடவையும் எடுத்து "ஹலோ, ஹலோ" என்றிருக்கிறார், பாவம்.

உடனே வாட்சை அணைத்துவிடுங்கள். அணைக்கத் திரை விடவில்லை என்றால் போன் ஆப்பில் போய் அவசர அழைப்பு அமைப்பை நிறுத்தி, காப்பு எடுத்து, இணைப்பைத் துண்டியுங்கள். சார்ஜரில் வைக்காதீர்கள், பல வாட்சுகள் சார்ஜரில் வைத்ததும் தானே ஆன் ஆகிவிடும்.

ஈரம் காரணம் என்றால் நன்றாக உலர்ந்த பிறகு பேய் ஓடிப்போகலாம். ஆனால் விரிசல் இருக்கும்வரை திரும்பி வரும். இதற்கும் முழுத் திரைதான். கண்ணாடி மட்டும் மாற்றினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

திரை கறுப்பு, ஆனால் அதிர்கிறது

போனிலிருந்து உங்களுக்கே ஒரு அழைப்பு வரச் செய்யுங்கள், அல்லது ஆப்பில் வாட்சைக் கண்டுபிடிக்கும் பொத்தானைத் தட்டுங்கள். வாட்ச் அதிர்ந்தால், ஒலித்தால், உயிர் இருக்கிறது, முகம்தான் போயிருக்கிறது. ஆப்பிள் வாட்சில் பார்வைக் குறை உள்ளவர்களுக்கான திரை வாசிப்பு வசதியில் திரையை மறைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அது தெரியாமல் ஆன் ஆனாலும் திரை மையிருட்டாக இருக்கும். போன் ஆப்பில் அணுகல்தன்மைப் பகுதியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எந்தச் சத்தமும் இல்லை என்றால் முதலில் அரை மணி நேரம் சார்ஜரில் வையுங்கள். வெறும் பேட்டரி தீர்ந்ததாகவும் இருக்கலாம். (வாட்ச் உப்பியிருந்தால் மட்டும் வேண்டாம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.)

இந்த அறிகுறியில் ஒரு நம்பிக்கை மிச்சம் இருக்கிறது. கீழே விழுந்த வேகத்தில் திரையை உள்ளே இணைக்கும் பட்டை வயர், அதாவது ஃபிளெக்ஸ் கேபிள், கனெக்டரிலிருந்து லேசாகக் கழன்றிருக்கலாம். திறந்து, அழுத்தி மாட்டி, புதுப் பசை வைத்து மூடினால் வேலை முடிந்தது. உதிரிபாகச் செலவே இல்லை. இது அடிக்கடி நடப்பது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணாடியில் விரிசலே இல்லாமல் விழுந்த உடனே கறுப்பான வாட்ச் என்றால், "திறந்து கனெக்டர் பார்த்துட்டு அப்புறம் விலை சொல்லுங்க" என்று கேட்பது உங்கள் உரிமை. திறந்து பார்க்க மட்டும் ஒரு கட்டணம் கேட்பார்கள். நியாயம்தான், திறந்தாலே சீல் பசை புதிதாகப் போட வேண்டுமே.

கோடுகள், கறுப்புத் திட்டு, பரவும் மை

இதில் விவாதத்துக்கு இடமில்லை, பேனல் போய்விட்டது. எல்சிடி என்றால் மை கொட்டியது போலத் திட்டு, ஓலெட் என்றால் ஓரத்திலிருந்து பரவும் கறுப்பு, அல்லது பச்சை, வெள்ளை நெட்டுக்கோடு. எது என்றாலும் முழுத் திரை. திட்டு வளர்கிறதா என்று அறிய காலையும் மாலையும் ஒரே கோணத்தில் படம் எடுத்துப் பாருங்கள். வளர்ந்தால் தள்ளிப் போடாமல் தரவைக் காப்பெடுங்கள். முழுக்கக் கறுத்த பிறகு உறுதிக் குறியீடு தட்டவோ எதையாவது அனுமதிக்கவோ வாட்சில் முடியாது.

அடியே படவில்லை, திரை ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது

இந்தப் பகுதியைத் திரை நன்றாக இருப்பவர்களும் படித்து வைக்கலாம்.

வாட்சைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, பக்கவாட்டில் பாருங்கள். திரைக்கும் உடலுக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா? ஒரு தாள் நுழையும் இடைவெளி ஒரு பக்கம் மட்டும் இருக்கிறதா? திரையை லேசாகத் தொட்டால் மெத்தை மாதிரி அமுங்கி எழும்புகிறதா? அப்படியென்றால் போனது திரை இல்லை. உள்ளே பேட்டரி உப்பி, திரையை முட்டித் தள்ளுகிறது. விரிசல் விட்டிருந்தால் அதுவும் உள்ளிருந்து வந்த அழுத்தத்தால்தான்.

அமுக்கி ஒட்ட முயலாதீர்கள். பசை போடாதீர்கள், ரப்பர் பேண்டு கட்டாதீர்கள். லித்தியம் பேட்டரி உப்புவது உள்ளே வாயு உருவாவதால். அதை அழுத்தினால், குத்தினால், சூடாக்கினால் தீப்பிடிக்கும். சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், கையிலிருந்து கழற்றுங்கள், எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள்.

இது மிகைப்படுத்தல் இல்லை. முதல் தலைமுறை ஆப்பிள் வாட்சில் பேட்டரி உப்பித் திரை தூக்கும் புகார்கள் வந்து, அதற்கான இலவசச் சேவையை ஆப்பிள் 2017இல் மூன்று வருடம் வரை நீட்டித்தது. ஃபிட்பிட் அயானிக் வாட்சைப் பேட்டரி சூடேறித் தீக்காயம் ஏற்படுத்தும் அபாயத்தால் 2022 மார்ச்சில் திரும்பப் பெற்றார்கள், பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

செலவுக் கணக்குக்கு வருவோம். பேட்டரி மாற்றினால் பெரும்பாலும் திரை தானாகவே பழைய இடத்தில் உட்காரும். பேட்டரி விலை, கூலி, புது சீல் பசை, அவ்வளவுதான். திரை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், டார்ச் சோதனையையும் கோடு இழுக்கும் சோதனையையும் அவர் முன்னாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். இரண்டிலும் தேறினால் திரைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. எடுத்த பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

கண்ணாடிக்கு அடியில் பனி படிந்தது போல

நீர் உள்ளே போய்விட்டது. அணையுங்கள், கழற்றுங்கள், காற்றோட்டமான நிழலில் வையுங்கள். ஹேர் டிரையர் காட்டாதீர்கள், அந்தச் சூடு சீல் பசையை இளக்கி இருந்த கொஞ்சநஞ்சக் காப்பையும் போக்கிவிடும். உப்புத் தண்ணீர் என்றால் உலர்வதற்குக் காத்திருக்கவே வேண்டாம், உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு அரிக்கும் முன் திறந்து சுத்தம் செய்யக் கொடுத்துவிடுங்கள். இங்கே திரையின் விலையை மட்டும் கேட்டுப் பயனில்லை. போர்டும் போயிருந்தால் புதுத் திரை மாட்டியும் காசு வீண்.

பின்பக்கக் கண்ணாடியில் விரிசல்

முன்பக்கம் போல இதைச் சகித்துக்கொண்டு அணியாதீர்கள். தோலோடு உரசும் இடம், கீறும். இதயத் துடிப்பு உணரியும் கம்பியில்லா சார்ஜும் இந்தக் கண்ணாடி வழியாகத்தான் வேலை செய்கின்றன. முன்திரை மாற்ற விலை கேட்கும்போது பின்பக்கத்தையும் திருப்பிக் காட்டுங்கள். பல பேர் இதைக் கவனிக்காமல் முன்னால் மட்டும் மாற்றிக்கொண்டு போய், துடிப்பு தப்பாகக் காட்டுகிறது என்று திரும்ப வருவார்கள்.

விலை சொல்லியாயிற்று, இப்போது என்ன?

நிறுவன மையத்துக்குப் போனால் உங்கள் வாட்சின் திரையைத்தான் மாற்றுவார்கள் என்று நினைக்காதீர்கள். ஆப்பிள், கார்மின் போன்றவை உடைந்ததை வாங்கிக்கொண்டு, ஒரு நிலையான கட்டணத்துக்கு மாற்று வாட்ச் தருவதுதான் பெரும்பாலும் வழக்கம். கூகுளின் பிக்சல் வாட்ச் வந்த புதிதில் உடைந்த திரைக்குப் பழுதுபார்க்கும் வழியே நிறுவனம் வைத்திருக்கவில்லை. 2025இல் வந்த பிக்சல் வாட்ச் 4இல்தான் திரையையும் பேட்டரியையும் கழற்றி மாற்றும்படி வடிவமைத்தார்கள். எனவே மையம் சொல்லும் தொகை பெரிதாகத் தெரிந்தாலும், அதற்குள் புதுப் பேட்டரியும் புது சீலும் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடங்கியிருந்தால் வெளியில் சொல்லும் "வெறும் திரை" விலையோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

சாதாரண வாரண்டியில் உடைந்த திரை வராது. தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான் அது. வாங்கும்போது தனியாகப் பணம் கட்டி விபத்துக் காப்பு எடுத்திருந்தால் அந்தத் தாளைத் தேடுங்கள். வீட்டுப் பொருள் காப்பீட்டிலோ, வாங்கிய கிரெடிட் கார்டிலோ கூட சில சமயம் வழி இருக்கும். வெளியில் ஒரு தடவை திறந்துவிட்டால் பிறகு நிறுவனம் கையை விரிக்கலாம். அதனால் காப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திறக்கக் கொடுக்க வேண்டும்.

வெளிக்கடை என்றால் மேல் கண்ணாடி எது என்று கேளுங்கள். சஃபையர் பதித்த மாடலுக்கு, உதாரணமாக எஃகு உடல் ஆப்பிள் வாட்சுக்கு, அல்லது கேலக்ஸி வாட்ச் 5க்கு, மலிவான மாற்றுத் திரை போட்டால் சாதாரணக் கண்ணாடிதான் வரும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் சஃபையர் 9, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. சாதாரணக் கண்ணாடி அதற்கும் கீழே. அதனால்தான் சஃபையரில் மணல் கீறாது, கண்ணாடியில் கீறும். விலை குறைந்ததன் காரணம் உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

அப்புறம் நீர்காப்பு. 50 மீட்டர் என்று எழுதியிருப்பது தொழிற்சாலையில் ஒட்டிய சீலுக்கு. மேசை மேல் வைத்துப் பசை போட்ட சீலுக்கு அந்த எண் பொருந்தாது. அழுத்தச் சோதனைக் கருவி வைத்திருக்கும் கடை என்றால் சோதித்துத் தரச் சொல்லுங்கள், அதற்குக் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம். கருவி இல்லாத கடையில் "தண்ணில போட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால், சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, குளிக்கும்போது கழற்றி வையுங்கள்.

மாற்றலாமா வேண்டாமா என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. புது வாட்ச் விலையோடு ஒப்பிடாதீர்கள். அதே மாடல், அதே வயது, நல்ல நிலையில் பழையதாக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். ரிப்பேர் செலவு அதில் பாதிக்குள் என்றால் செய்யலாம். பாதியைத் தாண்டினால் யோசிக்கலாம். முக்கால் வந்துவிட்டால் அந்தப் பணத்தை அடுத்த வாட்சுக்கு எடுத்து வைப்பேன். பெயர் தெரியாத மலிவு வாட்சுகளில் இந்தக் கணக்குக்கே வேலை இல்லை. உதிரித் திரை கிடைக்காது, கிடைத்தாலும் கூலியே வாட்ச் விலைக்கு வந்துவிடும்.

எப்படியும் திறக்கிறார்கள் என்றால் பேட்டரி நிலையையும் பாருங்கள். ஆப்பிள் வாட்சில் பேட்டரி ஆரோக்கியம் சதவீதத்தில் தெரியும். 80க்குக் கீழே இருந்தால் திரையோடு சேர்த்து மாற்றிவிடுவது லாபம், இரண்டாவது தடவை திறக்கும் கூலியும் சீலும் மிச்சம்.

ரிப்பேர் முடிந்து வாட்சைத் திரும்ப வாங்கும்போது கடையிலேயே நின்று பாருங்கள். வெள்ளைத் திரை, கறுப்புத் திரை, நான்கு ஓரமும் விரல் இழுப்பு. வெயிலில் கொண்டுபோனால் வெளிச்சம் தானாகக் கூடுகிறதா? கையைத் தூக்கினால் திரை எழுகிறதா? ஓரம் முழுக்க நகத்தை ஓட்டுங்கள், எங்கும் தட்டக் கூடாது, எங்கும் பசை பிதுங்கி நிற்கக் கூடாது. சார்ஜரில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். எடுத்த பழைய திரையை ஒரு கவரில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றியதாகச் சொன்னதைத்தான் மாற்றினார்களா என்பது அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.